ஏழரை என்று கூப்பிட்டால் என்ன செய்வாய்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. அவர்கள் தெருவிலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் பிள்ளை அவன்தான். பள்ளி வாசலில் பிளக்ஸ் வைத்தோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவனுக்குச் சால்வை போர்த்தினார்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், பள்ளி திறந்த அன்று என்னைப் பார்க்க வந்தான். "படிப்பு எப்படிப்பா போகுது?" என்றேன். "நல்லாப் போகுதும்மா" என்றான். கிளம்புவான் என்று பார்த்தால் கிளம்பவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றவன், "டி.சி. வாங்கிட்டு வேற காலேஜ் போக முடியுமாம்மா?" என்று கேட்டான்.

முதல் வாரத்தில் விடுதியில் மூத்த மாணவர்கள் அவனிடம் கட் ஆஃப் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறான். "செவன் பாயின்ட் ஃபைவா?" என்று அடுத்த கேள்வி. அன்றிலிருந்து அவன் பெயர் ஏழரை. 'ஏழரை வர்றான், தள்ளி உட்காருங்கடா.' 'ஏழரை பிடிச்சா ஏழரை வருஷத்துக்கு விடாதுடா.' சனி பிடித்த கதையைச் சொல்லிச் சிரிக்க நம் மொழியிலேயே வசதி இருக்கிறது. வகுப்பிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆய்வகத்தில் யாரோ அப்படிக் கூப்பிட்டபோது ஆசிரியரும் சிரித்துவிட்டாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அவனே, "சும்மா விளையாட்டுக்குத்தாம்மா சொல்றாங்க" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதையெல்லாம் கண்டுக்காதப்பா. நீ படிச்சுக் காட்டு." நம்மில் பெரும்பாலானோர் இதைத்தான் சொல்லியிருப்போம். பிப்ரவரியில் அவன் கல்லூரிக்குப் போகாமல் சூளையில் நிற்கிறான் என்ற செய்தி வந்தது. தலைமையாசிரியரும் நானும் வீட்டுக்குப் போய்ப் பேசி, கல்லூரியிலும் பேசி, திரும்ப அனுப்பிவைத்தோம். அந்த இடைவெளியில் விழுந்த அரியர்களில் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.

அதன் பிறகுதான் நான் சட்டங்களையும் விதிகளையும் எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். நான் தமிழாசிரியர். சட்டம் என் பாடமில்லை. ஆனால் படிக்கப் படிக்க, அவனுக்கு நான் சொன்ன பதில் அறியாமையில் சொன்னது என்பது உறைத்தது.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன்.நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்று தமிழ்நாடே அதிர்ந்தது. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, உச்ச நீதிமன்றம் 2011-இல் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. அந்தக் கொலையைத் தொடர்ந்து முதலில் அவசரச் சட்டமும், 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் வந்தன.

அந்தச் சட்டம் கொலையையும் அடிதடியையும் மட்டும் பேசுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மாணவருக்கு அச்சத்தையோ வெட்கத்தையோ கூச்சத்தையோ உண்டாக்கும் செயலும் அதன் விளக்கத்துக்குள் வருகிறது. கேலி செய்வதும் வருகிறது. இயல்பாக ஒருவர் செய்ய விரும்பாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் வருகிறது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டிக்கப்பட்டவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறெங்கும் சேரவும் முடியாது. புகார் வந்தும் விசாரிக்காமல் விட்ட நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். இந்தக் கடைசிப் பிரிவை நாம் இரண்டு முறை படிக்க வேண்டும்.

2009-இல் இமாசலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரிழந்த பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. கல்லூரியில் சேரும்போது மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி தருகிறார்களே, அது இதன்படிதான். நம் பிள்ளைகளுக்கு அதை பிரவுசிங் சென்டரில் இருக்கும் அண்ணன் நிரப்பித் தருகிறார். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டுகிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளையும் படிப்பதில்லை, பெற்றோரும் படிப்பதில்லை. 24 மணி நேரமும் இயங்கும் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இருப்பதும், அதில் பெற்றோரும் புகார் சொல்லலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

2016-இல் அந்த விதிமுறைகளில் ஒரு திருத்தம் வந்தது. நிறம், மதம், சாதி, பாலினம், தோற்றம், மொழி, பிறந்த இடம், வசிக்கும் இடம், பொருளாதாரப் பின்னணி போன்றவற்றைச் சொல்லி ஒருவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான் என்கிறது அது. 'தள்ளி உட்காருங்கடா' என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

7.5 ஒதுக்கீடு பிச்சையும் இல்லை, சலுகை விலையும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அது. மருத்துவப் படிப்புக்கான ஒதுக்கீடு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2022-இல் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருந்தால், சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருப்பார்களா என்று தெரியாது. ஆனால் தான் ஏதோ திருட்டு வழியில் உள்ளே வந்துவிட்டது போல அவன் கூனிக்குறுகியிருக்க மாட்டான்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது வேறோர் இடத்தில். உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்க்க 2012-இல் மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் மாணவர்களின் சாதியைச் சொல்லி அறிவிப்பதும், ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்று முத்திரை குத்துவதும், மதிப்பெண் குறைந்ததற்குச் சாதியையோ ஊரையோ காரணம் காட்டிப் பேசுவதும் கூடாது என்று அதில் வரிசையாக இருந்தது. கல்லூரிப் பேராசிரியர்களுக்காக எழுதியது. ஆனால் முதல் வரியிலேயே என் முகம் தெரிந்தது.

வகுப்பாசிரியராக ஆண்டுதோறும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? உதவித்தொகைப் படிவம் வந்ததும் வகுப்புக்குள் போய், இந்த இந்தப் பிரிவுப் பிள்ளைகள் எழுந்திருங்கள் என்பேன். எழுந்து நிற்பார்கள். எண்ணிக் குறித்துக்கொள்வேன். உட்காருங்கள் என்பேன். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில் மற்ற நாற்பது பிள்ளைகளும் யார் யார் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஒரு முறை, எழுந்து நிற்க வேண்டிய ஒரு பெண் எழவே இல்லை. பெயர் விட்டுப்போய், அந்த ஆண்டு அவளுக்குப் பணம் வரவில்லை. "காது கேக்கலையா? பொறுப்பு வேணாமா?" என்று கடிந்துகொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் பள்ளியை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் கழித்து, அவளுடைய அம்மாவைப் பேருந்தில் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, "ஃப்ரெண்டுங்க முன்னாடி எந்திரிக்கக் கூச்சமா இருந்துச்சாம் டீச்சர். பணமே வேணாம்னுட்டா" என்றார். அந்த மாவட்டப் பேருந்தின் சத்தத்தில் நான் பதில் சொல்லாததை அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது எழுந்து நிற்கச் சொல்வதில்லை. எமிஸ் தளத்தில் எல்லா விவரமும் இருக்கிறது. பட்டியலைப் பார்த்துக்கொண்டு, ஆதார் நகல் கேட்பது போலவோ வங்கிக் கணக்கு எண் கேட்பது போலவோ ஒவ்வொருவராக அழைத்துப் பேசிக்கொள்கிறேன். நான்கு நாள் ஆகிறது. ஆகட்டும்.

சென்ற ஜனவரியில், அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, பன்னிரண்டாம் வகுப்பில் இதை ஒரு பாடமாகவே நடத்திப் பார்த்தேன். இரண்டு பாடவேளைகள். பாடத்திட்டத்துக்கு வெளியே போகவில்லை, விண்ணப்பக் கடிதம் எழுதும் பயிற்சிக்குள் இதைக் கொண்டுவந்தேன். நான்கு துண்டுத் தாள்களில் நான்கு சூழல்களை எழுதிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். விடுதியில் பட்டப்பெயர் வைக்கிறார்கள். 'தமிழ் மீடியமெல்லாம் கடைசி பெஞ்சுக்குப் போங்க' என்று விரிவுரையாளர் சொல்கிறார். ஒரு மாணவிக்கு ஆசிரியர் ஒருவர் இரவில் செய்தி அனுப்புகிறார், அக மதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. மெஸ் பணம் கட்டமுடியாமல் நிற்கும் முதலாண்டு மாணவனுக்கு ஓர் அண்ணன் உதவுகிறார், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வா, இந்தக் கயிற்றைக் கட்டிக்கொள் என்கிறார்.

முதல் தாளுக்கு, பெயரைச் சொல்லாமல் 'ஏழரை' கதையையும் சொன்னேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பின் வரிசையிலிருந்து ஒருவன், "அம்மா, நாங்களும் லெவன்த் பசங்களுக்கு அப்படித்தானம்மா பேர் வச்சிருக்கோம்" என்றான். அடுத்து ஒரு பெண், "இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன்ல எங்கள டி.எம்.னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். ஒரே வளாகம், ஒரே சத்துணவுக்கூடம், ஒரே விலையில்லா மிதிவண்டி. அதற்குள்ளும் ஒரு மேல் கீழ். கல்லூரிக்குப் போய்ப் பெயர் வாங்குகிறவனும் பெயர் வைக்கிறவனும் இரண்டு பேருமே நம்மிடமிருந்துதான் போகிறார்கள். நான் பாதிக்கப்படுகிறவனை மட்டும் மனத்தில் வைத்துத்தான் அந்தப் பாடத்தைத் தயாரித்திருந்தேன். அன்று பாதி நேரம் பெயர் வைக்கிறவர்களோடுதான் போனது. அதுதான் நல்ல பாதி.

மூன்றாவது தாளைப் பெண்களிடம் கொடுத்திருந்தேன். எந்தக் குழுவும் அவ்வளவு நேரம் மௌனமாக இல்லை. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகள், 2013-இன் சட்டம், ஒவ்வொரு கல்லூரியிலும் மூத்த பெண் பேராசிரியர் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்: "இதெல்லாம் சரிம்மா. வீட்ல தெரிஞ்சா படிப்பை நிறுத்திட்டுக் கல்யாணம் பண்ணி வச்சிருவாங்களே?"

அதற்கு என்னிடம் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. அவளுக்கு அந்த ஆசிரியரைவிட அப்பாவிடம்தான் பயம் அதிகம். ஆகவே பிப்ரவரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசுவதற்கு முன்னால் பத்து நிமிடம் இதைப் பேசினேன். பிள்ளை உங்களிடம் ஒரு கஷ்டத்தைச் சொன்னால், தப்பு செய்தவனைக் கேளுங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள் என்றேன். அப்பாக்களில் சிலர் தலையாட்டினார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். அம்மாக்களில் ஒருவர் மட்டும் கூட்டம் முடிந்ததும் வந்து அந்தத் தொலைபேசி எண்ணைத் தன் கைப்பேசியில் போட்டுத் தரச் சொன்னார். எண் 181. பெண்கள் உதவி மையம்.

நான்காவது தாளுக்குத்தான் நான் நினைத்த பதில் வரவே இல்லை. கயிற்றைக் கட்டிக்கொள்வேன் என்று ஒரு குழு நேரடியாகவே எழுதியிருந்தது. ஏனென்று கேட்டேன். "புது ஊரும்மா. யாரும் தெரியாது. நம்ம ஆளுங்க நாலு பேர் இருந்தா ஒரு தைரியம்தானே?" என்றான் ஒருவன். அவன் பொய் சொல்லவில்லை. சாதிச் சங்கங்களும் வெறுப்பை வளர்க்கும் அமைப்புகளும் பிள்ளையைப் பிடிப்பது கொள்கையால் இல்லை. முதல் வாரத்தில் தனியாக நிற்கிறவனைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்பதால் பிடிக்கிறார்கள். மெஸ் பணம், ஊருக்குப் போகப் பேருந்துக் கட்டணம், வாட்ஸ்அப் குழு, தலைவர் பிறந்தநாளுக்கு ஒரு பேனர், அதில் இவன் படம். பிறகு ஒரு நாள், நம்ம பையனை அடித்துவிட்டார்கள், வா என்று கூப்பிடும்போது பட்ட கடனுக்காகவாவது போக வேண்டியிருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை அவர்கள் எல்லோரும் அறிவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களோடு பிள்ளைகள் பள்ளிக்கு வரக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நம்மில் பலர் கயிற்றை அறுப்பதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோம். நானும் கத்தரிக்கோல் வைத்திருந்தவள்தான். அறுத்த கயிறு மாலையில் பேருந்து நிறுத்தத்தில் திரும்பவும் கையில் இருக்கும்.

அன்று அந்தக் குழுவிடம் சரி தவறு பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்க, உன் சாதி இல்லாத ஒருத்தன் அந்த விடுதியில் இருக்க முடியுமா?" யோசித்தார்கள். நம் பள்ளியிலிருந்து ஏற்கெனவே அங்கே போனவர்கள் இருக்கலாமே என்றான் ஒருவன். அதிலிருந்துதான் எங்கள் பட்டியல் வந்தது. கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தக் கல்லூரிக்கு நம் பிள்ளைகள் போயிருக்கிறார்கள், யார் இப்போது அங்கே படிக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அவர்களிடம் கேட்டு ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கல்லூரி முகவரியோடு ஓர் அக்காவின், அண்ணனின் பெயரும் கையில் இருக்கும். சாதி பார்த்து எழுதிய பட்டியல் இல்லை, பள்ளி பார்த்து எழுதியது. கயிறு கட்டுகிறவர்களின் செல்வாக்கை இந்த நோட்டு ஒழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் வாரத்துக்கு மட்டும் உதவும்.

இரண்டாவது பாடவேளையில் புகார்க் கடிதம் எழுதினார்கள். பொதுத்தேர்வுக்குப் பழகிய கை அல்லவா, எல்லாக் கடிதமும் ஒரே அச்சு. 'என்னைச் சில மாணவர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனவே தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' மதிப்பெண் கிடைக்கும். நியாயம் கிடைக்காது. யார், எப்போது, எங்கே, என்ன சொல் சொன்னார், அருகில் யார் இருந்தார், அதன் பிறகு உனக்கு என்ன ஆனது, முன்பு யாரிடம் சொன்னாய் என்பவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. சொன்ன சொல்லை அப்படியே எழுதச் சொன்னேன். பலருக்குக் கை வரவில்லை. கெட்ட வார்த்தையை விடைத்தாளில் எழுதலாமா என்று தயங்கினார்கள். எழுது, அது உன் வார்த்தை இல்லை என்றேன். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், அங்கே என்ன சொல் சொன்னார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள் என்றும் சொன்னேன்.

முன் பெஞ்சில் ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, என்னைத் தப்பாப் பேசினதுக்கு நான் ஏன் தாழ்மையுடன் கேட்டுக்கணும்?"

இருபது ஆண்டுகளாக நான் நடத்திவரும் கடித வடிவம் அது. அடித்துவிட்டு, 'கேட்டுக்கொள்கிறேன்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். தேர்வில் மட்டும் பழையபடி எழுதிக்கொள் என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வகுப்புக்கு, தொடக்கத்தில் சொன்ன மாணவனையும் வரச் சொல்லியிருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன் வந்தான். தன் கதையை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் சென்ற ஆண்டு, வேறொரு மாவட்டத்தின் அரசுப் பள்ளியிலிருந்து வந்த முதலாண்டு மாணவன் ஒருவனுக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். இவன் அவனைக் கூட்டிக்கொண்டு ராகிங் தடுப்புக் குழுவிடம் போயிருக்கிறான். முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை எடுத்துக்கொண்டார்கள். இதை மட்டும் இரண்டு வாக்கியத்தில் சொன்னான்.

பிறகு வரிசை வரிசையாகப் போய்ப் பிள்ளைகளின் கடிதங்களை வாங்கிப் பார்த்தான். ஒரு கடிதத்தில் விரலை வைத்து, "தேதி போடு தம்பி. மூணு இடத்துல நடந்ததுன்னா மூணு தேதி. எங்களை முதல் தடவ அதக் கேட்டுத்தான் திருப்பி அனுப்பினாங்க" என்றான்.